வீட்டுக்கு அனுப்பப்படும் வேலை

2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் சிந்தியா பாய்டும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வரும் நோயாளி கற்பனைப் பாத்திரம்தான். 79 வயதுப் பெண்மணி. சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பு மெலிவு, மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று ஐந்து நோய்கள். எதுவும் முற்றிய நிலையில் இல்லை. நம் தெருவில் நான்காவது வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் இருக்கும்.

ஐந்து நோய்க்கும் வல்லுநர் குழுக்கள் வகுத்த சிகிச்சை வழிகாட்டிகள் இருக்கின்றன. அவை அனைத்தையும் ஒரு வரி விடாமல் பின்பற்றினால் என்ன ஆகும் என்று பாய்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். 12 மருந்துகள். நாளைக்கு ஐந்து வேளைகளாகப் பிரித்து 19 டோஸ். மாதச் செலவு 406 டாலர். இதற்கு மேல் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, பாதம் பார்த்தல், பரிசோதனைகள், மருத்துவர் சந்திப்புகள். ஒரு நோய்க்கான மருந்து இன்னொரு நோய்க்கு ஒத்துவராத இடங்களும் அதில் இருந்தன. ஐந்து குழுக்களும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. ஐந்தையும் ஒரே உடம்பில், ஒரே வீட்டில், ஒரே நாளில் நடத்திக்காட்ட வேண்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் எந்த வழிகாட்டியிலும் இல்லை.

அந்தக் கேள்வியை ஏற்கெனவே கேட்டவர்கள் சமூகவியலாளர்கள். ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் நாள்பட்ட நோயோடு வாழும் தம்பதிகளிடம் நீண்ட உரையாடல்கள் நடத்தி, 1988-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். நோயோடு வாழ்வதை அவர்கள் ‘வேலை’ என்றே அழைத்தார்கள். அதை மூன்றாகவும் பிரித்தார்கள். மருந்து, ஊசி, பரிசோதனை என்று நோய்க்குச் செய்யும் வேலை. சமையல், சம்பாத்தியம், பிள்ளை வளர்ப்பு என்று நோய் வந்தாலும் நிற்காத அன்றாட வேலை. மூன்றாவது, ‘நான் இனி யார், என் வாழ்க்கை இனி எப்படி’ என்று தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும் வேலை. மருத்துவமனையின் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டும்தான், அதிலும் ஒரு பகுதிதான். மீதி எல்லாம் வீட்டுக்கு அனுப்பப்படுகிறது.

அப்படி அனுப்பப்படும் வேலை எவ்வளவு என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்த ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரும் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணங்களில் அது ஒன்று. ஆகவே இந்த வீடு அபூர்வமானதல்ல.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது: சோற்றைக் குறை, கீரையைக் கூட்டு, பருப்பும் பயறும் சேர், கேழ்வரகுக்கு மாறு, காய்கறி வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் போய்விடும். அந்த வீட்டுப் பெண்மணி அதை நன்றாகவே கற்றுக்கொண்டார். பிறகு ஒருநாள், கணவரின் சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிவிட்டது என்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்குகிறது. இப்போது பாடம் தலைகீழாகிறது. கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் பொட்டாசியம் இருக்கிறது; செயலிழந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது; அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். ஆகவே காயை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு எல்லாம் விலக்கு. ‘உப்பைக் குறையுங்கள்’ என்றதும் மகன் பல்பொருள் அங்காடியிலிருந்து ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கி வருவான். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. நல்லெண்ணத்தோடு வாங்கிய அந்தப் பாக்கெட்டைப் போல் ஆபத்தான பொருள் அந்தச் சமையலறையில் வேறெதுவும் இருக்காது.

பார்க்க வரும் உறவினர்களும் சும்மா வருவதில்லை. வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு நல்லது என்பார் ஒருவர். கல் கரைவதற்காக வழிவழியாக வந்த யோசனை அது. செயலிழந்த சிறுநீரகத்துக்கோ பொட்டாசியச் சுமை. இந்துப்புக்கு மாறச் சொல்வார் இன்னொருவர். இந்துப்பும் பெருமளவு சோடியம் குளோரைடுதான். வந்தவரிடம் முகம் கோணாமல் இதையெல்லாம் மறுத்துச் சொல்வதும் அந்தப் பெண்மணியின் வேலைதான். மாமனார் வழிச் சொந்தம் என்றால் மறுக்கவும் முடியாது. சாற்றை வாங்கி வைத்துவிட்டு, அவர் போனபின் கொட்ட வேண்டும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. உடம்பில் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குக் கணிசமான பங்கு இருக்கிறது. சிறுநீரகம் தளரத் தளர, போட்ட இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். சர்க்கரை அளவு தானாக இறங்கும். பல வீடுகளில் இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்: ‘சுகர் கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு, ஊசியைக் குறைச்சுட்டாங்க.’ உண்மையில் அது சிறுநீரகம் கைவிடுவதன் அறிகுறி. நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிப்போகும் ஆபத்தின் தொடக்கமும்கூட. அப்படித் தாழும்போது கைக்கு அகப்படும் வாழைப்பழத்தையோ பழச்சாற்றையோ கொடுப்பது சர்க்கரை நோயாளி வீட்டில் வந்த பழக்கம். இப்போது அதுவும் கூடாது. சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ கரைத்துக் கொடுக்க வேண்டும், அதையும் சிறிதளவு தண்ணீரில். அரைத் தூக்கத்தில், பதறும் கையோடு, இத்தனை கணக்கையும் போட்டாக வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியரிடம் எதிர்பார்க்கும் தீர்மானம் இது.

தண்ணீரும் கணக்குதான். முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து, அவ்வளவு மட்டும் குடிக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வாய்பாடு. குழம்பு, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்று எடுத்துச் சொல்பவர் குறைவு. ரசமில்லாமல் சாப்பாடு முடியாத வீட்டில், சித்திரை மாதத்தில், மாத்திரை விழுங்கவே எட்டு மடக்கு தண்ணீர் கேட்கும் மனிதருக்கு அந்த அளவைப் பங்கிட்டுக் கொடுப்பவர் நாளடைவில் காவல்காரர் ஆகிவிடுகிறார். அடுத்த டயாலிசிஸில் எடை கூடியிருந்தால் செவிலியர் திட்டுவது நோயாளியை மட்டுமல்ல. ‘நீங்க பார்த்துக்க மாட்டீங்களாம்மா?’

முப்பது ஆண்டு குடித்தனத்தில் ஒருபோதும் கணவரின் தட்டைப் பார்த்துக் கேள்வி கேட்காத பெண், இப்போது ஒரு தம்ளர் மோருக்காகச் சண்டை போடுகிறார். அவரோ குளியலறைக் குழாயில் ஒளிந்து குடிக்கிறார். கார்பினும் ஸ்ட்ராஸும் சொன்ன மூன்றாவது வேலை இங்கேதான் வருகிறது. ‘நான் யார்’ என்ற கேள்வி நோயாளிக்கு மட்டும் உரியதென்று நினைத்துவிடுகிறோம். மனைவி எப்போது செவிலியரானாள், செவிலியர் எப்போது வார்டனானாள் என்பது அவளுக்கும் விளங்காத கேள்வி. நோயாளியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. உடல், நேரம், சம்பாத்தியம் எல்லாவற்றின் மீதும் பிடி நழுவிய மனிதரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சுதந்திரம் அந்தத் திருட்டுத் தண்ணீர்தான். அதைக் கீழ்ப்படியாமை என்று மட்டும் குறிப்பெழுதும் மருத்துவம் பாதியைத்தான் பார்க்கிறது.

நேரத்துக்கு வருவோம். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பது டயாலிசிஸின் வழக்கமான அளவு. போகவர ஆகும் பயணமும் காத்திருப்பும் முடிந்தபின் வரும் அசதியும் சேர்ந்தால் மூன்று முழு நாட்கள் போய்விடும். கூட வருபவருக்கும் அதே மூன்று நாட்கள். தினக்கூலியோ கடை வேலையோ செய்பவருக்கு அரை வாரச் சம்பளம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமுண்டு. 2016-இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் இருக்கிறது. இரண்டுமே பல உயிர்களைக் காப்பாற்றியிருப்பவை. ஆனால் ‘இலவச டயாலிசிஸ்’ என்பதில் இலவசமாவது இயந்திரத்தின் நேரம். மனிதர்களின் நேரத்துக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்யும் டயாலிசிஸ் பயணத்தை மிச்சப்படுத்தும். பதிலுக்கு நாளைக்குப் பொதுவாக நான்கு முறை, முறைக்கு இரண்டு லிட்டர் பை. மாதத்துக்கு 120 பைகள். ஒற்றை அறை வீட்டில் அந்த அட்டைப் பெட்டிகளை எங்கே அடுக்குவது, பை மாற்றும் அரை மணி நேரம் மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்திப் பிள்ளைகளை எங்கே அனுப்புவது? கை கழுவுவதில் ஒருநாள் பிசகினாலும் வயிற்றுக்குள் கிருமித் தொற்று. யாருடைய கை என்ற கேள்விக்கு இங்கும் பதில் ஒன்றுதான்.

மருத்துவமனைக்குள்ளும் இந்த வேலை தொடர்கிறது. சிறுநீரகத் துறை ஒரு சீட்டு, கண் ஒரு சீட்டு, இதயம் ஒரு சீட்டு, பாதப் புண்ணுக்கு அறுவைப் பிரிவில் ஒன்று. ஒரு துறையில் எழுதிய வலி மாத்திரை இன்னொரு துறையில் கூடாதென்று சொல்லப்பட்டதா? மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு எமன். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா வைத்த கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு புதுச் செவிலியரிடமும் இதைச் சொல்லித் தடுப்பவர், கட்டைப்பையில் எல்லா ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்திருக்கும் அந்த ‘அட்டெண்டர்’. உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்தியம் பார்க்கும் அமைப்பில், எல்லாவற்றையும் மறுபடி ஒரு மனிதராகச் சேர்த்துப் பார்ப்பவர் அவர் ஒருவரே. அதற்கு அவருக்குக் கிடைக்கும் இடம் வராண்டா.

இந்தியாவில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது மனநல மருத்துவத்தில் தோன்றியது என்பது வியப்புக்குரியது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தார் தங்குவதற்கு வளாகத்திலேயே கூடாரம் போட்டுக் கொடுத்தார். அவர்களிடம் தினமும் பேசினார், நோயை விளக்கினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நோயாளியோடு உறவினரும் தங்குவதையே விதியாக்கிக்கொண்டது. குடும்பத்தைப் பார்வையாளராக வைக்காமல், கற்றுக்கொடுக்க வேண்டிய சக பணியாளராக வைத்த முறை அது. மேலை நாடுகளில் மனநோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்துவைப்பதே வழக்கமாக இருந்த காலம். உடல்நோய்க்கான வார்டுகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

‘அவர்’, ‘அவள்’ என்று பெண்ணையே சொல்லிக்கொண்டு வருவதற்குக் காரணம் உண்டு. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் பெண்களுக்கு 134, ஆண்களுக்கு 76. உறுப்பு மாற்று சிகிச்சைக் கணக்கு இன்னும் கடுமையானது. 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவைகளில் உறுப்பைப் பெற்றவர்கள் 29,695 பேர் ஆண்கள், 6,945 பேர் பெண்கள். உயிரோடிருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பெண்ணே நோயாளியாகும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இந்த எண்களில் பாதி விடை இருக்கிறது. தனக்கான காயைத் தனியாக வேகவைத்துத் தண்ணீர் இறுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு வழக்கமான குழம்பும் வைத்துவிட்டு, டயாலிசிஸுக்குத் தனியே பேருந்து ஏறும் பெண்களை எந்த அரசு மருத்துவமனையிலும் காணலாம். பராமரிப்பவரும் பராமரிக்கப்படுபவரும் அங்கே ஒருவரே.

இந்த வேலை உடம்பைத் தின்கிறது. வயதான வாழ்க்கைத் துணையைப் பராமரிப்பவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வை ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999-இல் வெளியிட்டார்கள். பராமரிப்பு தரும்போது மன அழுத்தத்தையும் உணர்ந்தவர்கள், அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிக இறப்பு வாய்ப்புக் கொண்டிருந்தார்கள். அழுத்தம் உணராமல் பராமரித்தவர்களுக்கு அந்த ஆபத்துத் தென்படவில்லை. இந்த இரண்டாவது முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பராமரிப்பே ஆளைக் கொல்வதில்லை. ஒத்தாசையில்லாத பராமரிப்பு கொல்கிறது.

ஏழைகளுக்கு இந்தச் சுமை முன்கூட்டியே வருகிறது. ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 17.5 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வு, மிக வறிய பகுதிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் சேர்ந்து வருவது, வசதியான பகுதிகளைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முந்தித் தொடங்குகிறது என்று காட்டியது. அதாவது சம்பாதிக்கும் வயதில், பிள்ளைகள் படிக்கும் வயதில். நம் ஊரில் அப்படியான வீடுகளில் பராமரிப்பவராவது சில வேளை பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட மூத்த மகள்.

இனி, செய்யக்கூடியது என்ன? 2009-இல் கார்ல் மே, விக்டர் மோன்டோரி, ஃபிரான்சஸ் மேர் மூவரும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: வாழ்க்கையை இயன்றவரை குலைக்காத மருத்துவம். சிகிச்சையே ஒரு சுமை, நோயைப் போலவே அதையும் அளக்க வேண்டும், நோயாளியும் வீட்டாரும் சுமக்கக்கூடிய அளவுக்கு அதை வெட்டித் திருத்த வேண்டும் என்பது சாரம். 2016-இல் இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி நிறுவனம் பல நோய்கள் சேர்ந்தவர்களுக்கென்று தனி வழிகாட்டியே வெளியிட்டு, சிகிச்சைச் சுமை பற்றி நோயாளியிடம் கேட்கும்படி மருத்துவர்களுக்குச் சொன்னது. எதைச் சேர்ப்பது என்று மட்டுமல்லாமல் எதை நிறுத்தலாம் என்றும் யோசிக்கச் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் இந்தியாவில் இரண்டு நிமிடத்தை ஒட்டியே இருக்கிறது என்று 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017-இல் கண்டது. ஸ்வீடனில் அது 22 நிமிடத்துக்கு மேல். இரண்டு நிமிடத்தில் மருந்து எழுதலாம். எதை நிறுத்துவது என்று பேசித் தீர்மானிக்க முடியாது.

மருத்துவரின் நேரம் போதாதென்றால் மற்றவர்களின் நேரம் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த வகையில் சரியான திசையில் வைத்த அடி. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும், வீட்டு டயாலிசிஸ் பைகளும் வருகின்றன. பேருந்தும் வரிசையும் மிச்சம். ஆயினும் வாசலுக்கு வருவது பெரும்பாலும் பண்டம். இந்த மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, அடுப்படியில் நிற்பவர் தூங்கினாரா என்று கேட்பதற்கும் அவற்றைக் கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்குப் பயிற்சியும் நேரமும் ஊதியமும் வேண்டும்.

கேரளம் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலானோர் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, பிறகு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் வலையாக விரிந்தது. 2008-இல் மாநில அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்பைத் தன் கொள்கையாகவே ஏற்றது. உள்ளாட்சி அமைப்பு அனுப்பும் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். வந்தவர் நோயாளியோடு குடும்பத்தையும் பார்க்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிப்பவர்களுக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாயும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொகை சொற்பம்தான், ஆனால் பராமரிப்பவர் பெயரில் ஒரு தொகை என்பதே இங்கு புதிது.

பிரிட்டன் 1976-இலேயே இப்படியொரு பராமரிப்பாளர் படியைத் தொடங்கியது. ஆனால் திருமணமான பெண்களுக்கு அதில் இடம் மறுக்கப்பட்டது. எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது வாதம். தாயைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்ட ஒரு திருமணமான பெண் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986-இல்தான் அந்தத் தடை நீங்கியது. ‘எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாய்’ என்பதை நம் வீடுகளில் வாதமாக வைக்கவேண்டிய அவசியம்கூட இருப்பதில்லை.

நம் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டங்களை அரசுகள் தங்கள் பொருளாதார வசதிக்கு உட்பட்டு வகுக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகை குறைபாடுகளில் ஹீமோஃபிலியாவும் தலசீமியாவும் பார்க்கின்சன் நோயும் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. ஆந்திரப் பிரதேசம் இந்தப் பட்டியலுக்குக் காத்திராமல், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. தமிழ்நாடும் அப்படி ஒன்றைக் கொண்டுவருமானால், அதில் ஒரு பங்கைக் கூட வருபவரின் வங்கிக் கணக்கில் அவர் பெயரிலேயே செலுத்த வேண்டும். அவருக்கு ஒரு வாரப் பயிற்சியையும் சேர்த்து, டயாலிசிஸ் மையங்களிலேயே நடத்தலாம். நான்கு மணி நேரம் அவர்கள் வராண்டாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.